நடராசன் பேரில் இருந்த வேலை

நடராசன் செத்த எட்டாம் நாள் விடியற்காலை, அவர் பேரில் வேலைக்குப் போவதற்காக முத்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். ஆறு மணி ஷிப்டு. பரிமளா கேப்பைக் கூழைக் கரைத்துத் தூக்குவாளியில் ஊற்றி, ரெண்டு மோர்மிளகாயையும் ஒரு வெங்காயத்தையும் மூடியில் வைத்து அழுத்தினாள். பங்குனி மாதம். சர்க்கரை மில்லின் புகைபோக்கி ராத்திரி முழுக்கத் துப்பிய சக்கைக் கரி, கொடியில் கிடந்த அவளுடைய வெள்ளைப் பாவாடையில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வெள்ளைத் துணியை வெளியே காயப்போடாமலும் இருந்ததில்லை, அந்த மில்லைத் திட்டாமலும் இருந்ததில்லை.

"கூடப் பொறந்தவருக்கு இன்னும் காரியம் முடியல. அதுக்குள்ள இன்னா அப்பிடித் தலை தெறிக்க ஓட்டம்?"

"மூணு நாளாப் போய்க்கினுதான இருக்கேன்? இன்னிக்கு இன்னா புதுசா? கரும்பு லாரி அம்பது நிக்குது பரிமளா. ரெண்டாம் நம்பர் ஜூஸ் பம்பு மறுபடியும் ஒழுகுது. நான் போவலன்னா அந்தப் பசங்க அதுமேல கோணியைச் சுத்திட்டு டீ குடிக்கப் போயிடுவானுங்க."

பம்பு ஒழுகினால் முத்துவுக்குத் தன் மூக்கே ஒழுகுகிற மாதிரி. அண்ணன் செத்த துக்கத்தைக்கூட அவன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டுதான் அழுதிருப்பான் என்று பரிமளாவுக்குத் தெரியும். அதனால் வாளியை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் யூனியன் செக்ரட்டரி தேவநாதன் தன் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார். தேவநாதன் விடியற்காலையில் ஒருத்தர் வீட்டுக்கு வந்தால் ஒன்று சந்தா பாக்கி, இல்லையென்றால் வம்பு. முத்து சந்தா பாக்கி வைக்கிறவன் இல்லை.

"எங்கய்யா கெளம்பிட்ட?"

"ஷிப்டுக்கு, செக்ரட்டரி."

"சைக்கிளச் சாத்து. நீ செத்துப் போயிட்ட."

பரிமளாவுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "காலங்காத்தால வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? செத்தது அவங்க அண்ணன். இவரு குத்துக்கல்லாட்டம் எதுர நிக்கிறாரு, கண்ணு தெரியல?"

"எனக்குத் தெரியுது பரிமளா. டைம் ஆபீசுக்குத் தெரியலியே? உன் கொழுந்தன் மவன், அந்தப் பூவரசன் இல்ல, நேத்து சாயங்காலம் நேரா மில்லுக்கு வந்துட்டான். அப்பாவோட டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸைக் குடுத்து, 'எங்கப்பா பேர்ல பி.எஃப். இன்னா சார் வரும்'னு கேக்கறான். டைம் ஆபீஸ் கிளார்க்கு அந்தோணிசாமி டூட்டியில இருந்ததால தப்பிச்சோம். மேனேஜர் மேசைக்குப் போறதுக்குள்ள எடுத்து மடிச்சு ஜோப்புல வச்சிக்கினாரு. எத்தினி நாளைக்கு வச்சிருப்பாரு?"

பரிமளா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பூவரசனைக் 'கொழுந்தன் மகன்' என்று முறை மாற்றிச் சொன்னதைத் திருத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவன் அவள் மூத்தார் மகன். ஒலக்கூர் கூட்ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஊர் உலகத்துக்கே ஆதார் அட்டையை போனோடு சேர்த்துக் கொடுக்கிறவன், தன் வீட்டு விஷயத்தில் இப்படி நேராகப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டான். இன்னும் நாலே மாசம். ஆவணியில் நடராசனுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து, மில்லில் ரிட்டயர்மெண்டு கொடுத்து, பென்சனுக்கு எழுதிப் போட்டிருப்பார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

இதை இன்னொரு ஊர்க்காரருக்குச் சொன்னால், 'இப்படியும் ஒரு குடும்பம் செய்யுமா' என்றுதான் கேட்பார். ஆனால் இந்தப் பக்கத்தில் அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றில் மில்லு கட்டியபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று ஆர்டர் போட்டார்கள். முத்துவின் அப்பா ரெண்டேகால் காணியைக் கொடுத்தார். ஆர்டர் மூத்த பிள்ளை நடராசன் பேரில் வந்தது. நடராசன் ஐந்து மாசம் போனார். தலைக்கு மேல் கூரை இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும், இரும்புச் சத்தம் கேட்டால் சோறு இறங்காது. வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் நின்றால்தான் அவர் மனுஷராக இருப்பார். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவர், தம்பியை அனுப்பினார். தம்பிக்கு மெஷின் கைவந்துவிட்டது. அண்ணன் திரும்பப் போகவே இல்லை.

பங்குக் கிணற்றில் தண்ணி முறை வரும்போது வாய்க்காலில் அண்ணன் நின்றாலென்ன, தம்பி நின்றாலென்ன? முறை வீட்டுக்குத்தானே! வேலையையும் அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். நிலம் கொடுத்த பதினேழு வீட்டில் ஆறு வீட்டில் இந்தக் கதைதான். டைம் ஆபீசுக்குத் தெரியும், யூனியனுக்குத் தெரியும், அப்போதிருந்த மேனேஜருக்கும் தெரியும். அப்பா சாகிறபோது, "கொல்லை பெரியவனுக்கு, வேலை சின்னவனுக்கு" என்று வாயால் பாகம் பிரித்துவிட்டுப் போனார். பத்திரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஆக, முத்து மில்லுக்குள் நடராசன், கேட்டுக்கு வெளியே முத்து. தொண்ணூற்று ஐந்தில் பென்சன் திட்டம் வந்து குடும்ப விவரம் கேட்டபோது, இதே தேவநாதன்தான் ரேஷன் கார்டைப் பார்த்து ஃபாரத்தை நிரப்பினார். மனைவி குப்பம்மாள், மகன் பூவரசன். அப்போது பரிமளா கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "என் பேரு எங்கீது?" என்று கேட்டதற்கு, "ஒரே வீடுதான, எந்தப் பேரா இருந்தா இன்னா?" என்றார் மாமனார். பிறகு மகள் சங்கவி பிறந்தாள். மில்லில் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நோட்டுப் புத்தகம் அவளுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் தகப்பன் பேர் முத்து. நடராசன் என்ற ஃபிட்டருக்குப் பெண்ணே கிடையாது.

இதையெல்லாம்கூடப் பரிமளா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. ரெண்டாயிரத்து மூன்றில், மில்லு தன் பி.எஃப். பங்குப் பணத்தைப் பதினாலு மாசம் கட்டாமல் ஏய்த்தது. சம்பளத்தில் பிடிப்பது பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், கம்பெனி போட வேண்டியதைப் போடவில்லை. அதில்தான் பென்சனுக்குப் போகும் பங்கு இருக்கிறது. யூனியன் பதினோரு நாள் ஸ்டிரைக் பண்ணியது. முத்து கேட்டுக்குக் குறுக்கே படுத்தான். கரும்பு லாரி அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. கம்பெனி கடைசியில் வட்டியோடு கட்டியது. அவ்வளவும் போய்ச் சேர்ந்தது நடராசன் கணக்கில்.

"இப்ப இன்னாதான் பண்ணணும்ன்றீங்க?" என்றாள் தேவநாதனிடம்.

"முதல்ல இவன் கேட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது. புது மேனேஜரு வெளியூர்க்காரன், அவனுக்கு இந்த வெவகாரம் தெரியாது. நடராசன் சர்வீசுல இருக்கும்போது செத்ததா எழுதுவோம். பி.எஃப்., இன்சூரன்சு எல்லாம் சம்சாரத்துக்கு வரும். பென்சனும் வரும்."

"எந்த சம்சாரத்துக்கு?"

தேவநாதன் வண்டியின் ஹாரனைத் துடைத்தார். "ஃபாரத்துல இருக்கற சம்சாரத்துக்கு."

"அந்த ஃபாரத்த நிரப்பின கையி யாருது?"

"என் கைதான். அன்னிக்கு உன் பேரை எழுதியிருந்தா மட்டும்? நடராசனுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு ஆயிருக்கும்."

முத்து கைப்பம்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "செக்ரட்டரி, அந்த ரெண்டாம் நம்பர் பம்பு..." என்று ஆரம்பித்தான். பரிமளா தூக்குவாளியைத் தரையில் ணங்கென்று வைத்தாள். கூழ் தெறித்தது.

மறுநாளே அவள் விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டாள். முத்துவைக் கூப்பிட்டதற்கு, "செத்தவன் எப்பிடி பஸ்சுல வருவான்?" என்றான். அதைச் சிரிப்பாகச் சொன்னானா, துக்கமாகச் சொன்னானா என்று அவளுக்குப் புரியவில்லை. தனியாகவே திண்டிவனம் போய் பஸ் மாறினாள். வெயில் எட்டு மணிக்கே காய்ந்தது. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சவுரிராயன் என்று ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், பி.எஃப். ஆபீசில் இருந்து ரிட்டயரானவர், எந்த முடிச்சையும் அவிழ்ப்பார் என்று ரயில்வேயில் வேலை பார்க்கும் அவள் சின்னம்மா மகன் சொல்லியிருந்தான். அவர் உட்கார்ந்துதான் இருந்தார். அவருக்கு முன்னால் ஒன்பது பேர் முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். பரிமளாவின் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டு விசயம் சார்," என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கம்மா. இங்க வர்றவங்க எல்லாம் தெரிஞ்சவங்களுக்காகத்தான் வர்றாங்க."

"அண்ணன் பேர்ல வேலை. தம்பிதான் செஞ்சாரு. இருவத்து மூணு வருசம். இப்ப அண்ணன் செத்துட்டாரு. பென்சன் தம்பிக்கு வருமா?"

"தம்பி இப்பவும் வேலைக்குப் போறாரா?"

"அய்யோ, போவலீங்க. நேத்துலேருந்து நான்தான் வாணாம்னு நிறுத்திட்டேன்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருத்தன். சவுரிராயன் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஜெராக்ஸ் கடைப் பையனை அனுப்பி அவளுக்கு ஒரு மோர் வாங்கிவரச் சொன்னார்.

"கேளுங்கம்மா. பணம் யார் ஒழைச்சாங்கன்னு பாத்துப் போவாது. யார் பேரு, எந்த நம்பரு, அவ்ளோதான். கம்பெனி உங்க வீட்டுக்காரருக்குக் கட்டல. நடராசன்ற நம்பருக்குக் கட்டிச்சு."

"அப்ப உண்மையச் சொல்லிடறோம் சார். ஊரே சாட்சி சொல்லும்."

"சொல்லலாம். ஆள்மாறாட்டம்னு மில்லு கேஸ் போடும். பணத்த நிறுத்தி வச்சிட்டு விசாரணைன்னு எழுதுவாங்க. அது முடியறதுக்குள்ள நீங்க கொள்ளுப்பாட்டியாயிடுவீங்க. அந்தம்மாவுக்கும் வராது, உங்களுக்கும் வராது. மில்லுல இன்னும் இதுமாதிரி ஆளுங்க இருப்பாங்களே, அவங்க குடும்பத்தையும் சேத்துத் தோண்டுவாங்க."

"சாவ மறைச்சிட்டா? நாலே மாசம் சார். ஆவணி வரைக்கும் பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிட்டா?"

"ஓட்டிட்டு? பென்சன் வாங்கறவங்க வருசா வருசம் உசுரோட இருக்கேன்னு பேங்க்ல போய் நிக்கணும். இப்ப ரேகை வேற வைக்கணும். யாரு வைப்பாங்க?"

"எங்க வீட்டுக்காரரு வைப்பாரு! இருவத்து மூணு வருசம் அவருதான வச்சாரு!"

"மில்லு மெஷின்ல வைக்கலாம்மா. ஆதார்ல இருக்கறது அண்ணன் ரேகை. அது கொளுத்தியாச்சு."

மோர் வந்தது. உப்பே இல்லை. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, சத்தமாகவே கேட்டாள். "அப்ப எங்களுக்கு ஒரு வழியுமே இல்லியா? ஒழைச்சவன் இன்னா மயித்துக்கு ஒழைச்சான்?"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சவுரிராயன் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே வழிதான். அந்தம்மாவுக்கு வாங்கிக் குடுங்க. அவங்ககிட்டேருந்து நீங்க வாங்கிக்குங்க. விதவைப் பென்சன் பாதிதான் வரும். அதுவும் அவங்க இருக்கற வரைக்கும். அவங்க ஒடம்பு எப்பிடி?"

"சுகரு," என்றாள் பரிமளா.

திரும்பி வரும்போது அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. ஓரகத்தி குப்பம்மாள் வாய்க்கு ருசியாகத் தின்கிறவள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போனால், கோயிலுக்குள் போவதற்கு முன்னாலேயே மிட்டாய்க் கடையில் நிற்பாள். இனிமேல் அவள் தின்னும் ஒவ்வொரு ஜிலேபியையும் தான்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா என்று நினைத்தபோது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்கும்படியாகவே, "சனியன்" என்றாள்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள், குப்பம்மாள் வீட்டுக் கொல்லையிலேயே பேச்சு நடந்தது. நடராசன் பாதி பிடுங்கிப் போட்டுவிட்டுச் செத்த மல்லாட்டை. மீதியைப் பிடுங்கவில்லையென்றால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும். துக்கம் ஒரு பக்கம், மல்லாட்டை ஒரு பக்கம். வேப்பமரத்து நிழலில் செடிக் குவியலை வைத்துக்கொண்டு குப்பம்மாளும் பரிமளாவும் காய் ஆய்ந்தார்கள். முத்து செடி உதறினான். பூவரசன் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றான். தேவநாதன் ஃபாரத்தோடு வரப்பில் குந்தியிருந்தார்.

"எனக்கு இன்னாத்துக்கு பரிமளா அந்தப் பணம்?" என்றாள் குப்பம்மாள். மூக்குத்தி இல்லாத மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணாந்தேதி வந்தா, ரெண்டாந்தேதி ஒங்கையில குடுத்துடறேன். அங்காளம்மன் மேல சத்தியமா."

"நீ குடுப்பக்கா. ஒன்னச் சொல்லல. நாளைக்கு ஒனக்கு மருமவ வருவா. அவளும் அங்காளம்மன் மேல சத்தியம் பண்ணுவாளா?"

"அதுக்கு இன்னா செய்யச் சொல்ற?"

பரிமளா காயை முறத்தில் போட்டாள். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை. "இந்தக் கொல்லையில பாதிய எங்க பேருக்கு எழுதிக் குடுங்க. பென்சனை நீங்களே வச்சிக்கினு திருப்தியா இருங்க."

செடி உதறிய சத்தம் நின்றது. பூவரசன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"சித்தி, அது எப்பிடி? கொல்லை எங்களுக்கு, வேலை உங்களுக்குன்னு தாத்தாவே சொல்லிட்டுப் போயிட்டாரே."

"அந்த வேலைதான்டா இப்ப உங்கம்மாகிட்ட வந்துக்கினு இருக்குது! கொல்லையும் ஒனக்கு, வேலையும் ஒனக்கா? உங்க சித்தப்பா இன்னா, மில்லுல சும்மா உக்காந்து கரும்பு கடிச்சிக்கினு இருந்தாரா?"

"நான் மில்லுக்குப் போனது தப்புதான் சித்தி. எனக்கு இன்னா தெரியும்? சித்தப்பா வேலைய அவரு பேர்ல மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்பா பேர்ல ஆரம்பத்துல அஞ்சு மாசத்துது ஏதோ இருக்கும்னுதான் கேட்டேன்."

அவன் சொன்னது நிஜம்தான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் இன்னும் பேஜாராக இருந்தது. திட்டுவதற்கு ஒரு திருடனாவது கிடைத்திருந்தால் பரிமளாவுக்கு ஆறியிருக்கும். சுற்றிப் பார்த்தால் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்து தொலைத்தார்கள்.

"அப்பிடின்னா எனக்கு ஒண்ணும் வாணாம்," என்று குப்பம்மாள் பெரிதாக அழ ஆரம்பித்தாள். "நான் கையெழுத்துப் போடல. எந்தப் பணமும் வாணாம். அண்ணந் தம்பி ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. அவரு போயி இருவது நாளு ஆவல, கொல்லையப் பிரிக்கறீங்க."

"அண்ணி, அழுவாதீங்க," என்று முத்து வந்து குந்தினான். கையில் செம்மண். "வுடு பரிமளா. அண்ணி கையெழுத்துப் போடலன்னா அந்தப் பணம் எங்க போவும்? எங்கியும் போவாது, அங்கியே கெடக்கும். கம்பெனிக்காரன் ஏமாத்தினப்ப கேட்டுல படுத்து வாங்கின காசு அது. எவனுக்கும் இல்லாம போறதுக்கு நம்ம அண்ணிக்குப் போவட்டும்."

"அப்ப நாம?"

"எனக்குக் கையி இருக்குது. திண்டிவனத்துல லேத்துப் பட்டறையில கேட்டிருக்கேன்."

"அம்பது வயசுல, புதுசா, ஹெல்பரா."

"ஹெல்பராத்தான்."

பரிமளா ஒரு காயை எடுத்து உடைத்தாள். உள்ளே பருப்பு சூம்பிப் போயிருந்தது. அதை வீசி எறிந்துவிட்டு, தேவநாதனைப் பார்த்து, "குடுங்க பேனாவ," என்றாள். அவளே குப்பம்மாளின் விரலைப் பிடித்து, எங்கே கையெழுத்து என்று காட்டினாள். பேங்க் பாஸ்புத்தகம் பரிமளாவிடம் இருக்கும் என்று பேச்சு. பத்திரம் இல்லை. இந்த வீட்டில் எப்போதுமே பத்திரம் இருந்ததில்லை.

அதோடு முடிந்ததா? பதினைந்து நாள் கழித்து தேவநாதன் மறுபடியும் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"லீவ் லெட்டர்ல இன்னாய்யா எழுதின?"

"எந்த லீவ் லெட்டர்?"

"அண்ணன் செத்த அன்னிக்கு நீ குடுத்தது. 'என் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டபடியால் நான்கு நாள் விடுப்பு தேவை. இப்படிக்கு, நடராசன், ஃபிட்டர்.' ஃபைல்ல கெடக்குது! டெத் சர்டிபிகேட்டுலயும் அதே தேதி. செத்தவன் தன் சாவுக்கே லீவு கேட்டிருக்கான். அதோட வுட்டியா? அஞ்சாம் நாள்லேருந்து மூணு ஷிப்டு கைரேகை வச்சிருக்க."

பரிமளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தாள். முத்து மட்டும் திகைத்து நின்றான். "சாவு வீட்ல உக்காந்து எழுதினேன் செக்ரட்டரி. கையி பாட்டுக்கு எழுதிச்சு."

அந்தோணிசாமி அந்தக் கடுதாசியை ஃபைலிலிருந்து எடுத்துக் கிழித்தார். மூன்று ஷிப்டை மெஷின் கோளாறு என்று எழுதித் தள்ளினார்கள். அந்த மூன்று நாள் சம்பளமும் போனது. அதில் ஒரு நாள் ஓவர்டைம். ரெண்டாம் நம்பர் பம்பை அந்த ராத்திரிதான் அவன் பிரித்துப் பூட்டியிருந்தான்.

சித்திரை முடிந்து கரும்பு அரவை நின்றது. புகைபோக்கி ஓய்ந்து, கொடியில் துணி வெள்ளையாகவே காய்ந்தது. முத்து திண்டிவனத்துப் பட்டறைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவன் மகள் வயதுப் பையன் ஒருவன் அவனை "யோவ், பதினாறு ஸ்பேனரு எடு" என்று கூப்பிட்டானாம். முத்து அதைச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். கிளெய்ம் ஃபாரம் மில்லிலிருந்து ஒரு வழியாகப் போய்விட்டது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சங்கவி கல்லூரியிலிருந்து மத்தியானமே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"இன்னாடி?"

"கூடப் படிக்கிற பொண்ணு வந்து கட்டிப் புடிச்சிக்கினு அழுவுதும்மா. 'உங்கப்பா போயிட்டாராமே, சொல்லவே இல்லியே'ன்றா. போன்ல படம் காட்றா. மில்லு கேட்டுல பேனர் வச்சிருக்காங்க. அப்பா படம்."

பரிமளா தேவநாதனுக்கு போன் போட்டாள். அவர் தயாராகவே இருந்தார்.

"கோச்சிக்காத பரிமளா. யூனியன்ல யாரு செத்தாலும் பேனர் வைக்கறது வழக்கம். நடராசனுக்கு மட்டும் ஏன் வைக்கலன்னு மேனேஜரு கேட்டுட்டான். அண்ணன் படத்தப் போட்டா, 'இது யாரு, நான் இந்த ஆளப் பாத்ததே இல்லியே'ன்னு கேப்பான். ஃபைல்ல இருக்கறது முத்து போட்டோ. அதத்தான் போட முடியும். பதினாறு நாளுதான், அவுத்துடுவோம்."

அவள் போனை வைத்தாள். சுவரில் செருகியிருந்த அறுப்பு அரிவாளை உருவிக்கொண்டு நடந்தாள். மரக்காணம் ரோட்டில் மில்லு ரெண்டு கல் தூரம். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. உசுரோடு இருக்கும் மனுஷனுக்கு மாலை போட்ட படம்! கட்டின கயிற்றை அறுத்துச் சுருட்டி, தேவநாதன் வாசலிலேயே போட்டுக் கொளுத்துவது என்று முடிவு பண்ணியிருந்தாள். வழியில் எதிரே வந்த யாரோ, "இன்னாம்மா அரிவாளும் கையுமா?" என்றார்கள். "ம், பென்சன் அறுக்கப் போறேன்," என்றாள்.

கேட்டு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அரவை இல்லாத மில்லுக்கு மத்தியானத்தில் யார் வருவார்கள்? வாட்ச்மேன் உள்ளே எங்கேயோ நிழலில் கிடந்தான். ஆனால் பேனருக்கு அடியில் ஒரு சைக்கிள் நின்றது. முத்து நின்றுகொண்டிருந்தான். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறான், சட்டையெல்லாம் கிரீஸ்.

"நீ இன்னாத்துக்கு இங்க வந்த? தலை காட்டக் கூடாதுன்னாங்க இல்ல?"

"பட்டறையில ஒருத்தன் சொன்னான். பாக்கலாம்னு வந்தேன்."

அவள் அரிவாளை ஓங்கிக் கயிற்றுப் பக்கம் போனாள். அவன் குறுக்கே கையை நீட்டினான்.

"இரு பரிமளா. படிச்சியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆளுயரத்துக்கு மேல் அவன் முகம், பதினைந்து வருஷத்துக்கு முந்தின முகம், மீசை கறுப்பாக. கீழே பெரிய எழுத்தில்: 'கண்ணீர் அஞ்சலி. இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த ஆலைக்கு உழைத்தவர். 2003 போராட்டத்தில் வாயிலில் படுத்து நம் அனைவரின் உரிமையையும் மீட்டுத் தந்தவர். மில் ஹவுஸ் மூத்த ஃபிட்டர் திரு. நடராசன்.' அதற்குக் கீழே எல்லா ஷிப்டு ஆட்களின் பேரும்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கானுங்க," என்றான் முத்து. "மூத்த ஃபிட்டருன்னு போட்டிருக்கானுங்க, பாரு. எந்தச் சிலிப்புலயும், எந்தக் கார்டுலயும், என் மூஞ்சியும் நான் செஞ்ச வேலையும் ஒண்ணா இருந்ததில்ல பரிமளா. இதுல இருக்குது. பதினாறு நாளு இருந்துட்டுப் போவட்டுமே."

கொல்லையில் பேச்சு நடந்தபோதும் அழாதவன், ஹெல்பராகப் போனபோதும் அழாதவன், இப்போது கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகத்தை இன்னும் அசிங்கமாக்கிக்கொண்டிருந்தான். பரிமளாவுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ரோடு என்பதால் ரெண்டையும் செய்யவில்லை. பேனரை மறுபடியும் மேலேயிருந்து கீழே வரைக்கும் படித்தாள். பிறகு அரிவாளை அந்த 'மூத்த ஃபிட்டர்' வரியில் 'திரு.'வுக்குப் பக்கத்தில் குத்தினாள்.

"ஏய், இன்னா பண்ற?"

"மூஞ்சி இருக்கட்டும். வேலையும் இருக்கட்டும். நான் ஒண்ணும் பண்ணல." ஃப்ளெக்ஸ் கரகரவென்று கிழிந்தது. "உங்க அண்ணன் பேர மட்டும் எடுத்துக்கறேன்."

முத்து ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்தான். கேட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து, பேனரின் அடி ஓரத்தை ரெண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்தான்.

"கோணலாப் போவுது," என்றான். "அரிவாளப் படுக்க வச்சி இழு. மெதுவா."